மலைக்கோட்டை எந்தப் பக்கம் விழும்?

“ஏங்க, பூமி சட்டுனு நின்னுட்டா மலைக்கோட்டை எந்தப் பக்கம் போய் விழும்?”

கல்யாணமான புதிதில், ஸ்ரீரங்கம் வீட்டுக்கு விருந்துக்கு வந்த உறவினர்கள் முன்னால் சுபலட்சுமி கேட்டாள். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் முகுந்தன் சிரித்தான்.

“நடக்காத விஷயத்துக்கு இயற்பியல்ல பதில் கிடையாது. போய் ரசத்தைப் பாரு.”

பத்து வருடம் கழித்து, அதே வீட்டில் அவன் போனை முறைத்துக்கொண்டிருந்தான்.

“இயற்பியல் குழுவுல என்னோட மூணாவது கேள்வியையும் அட்மின் மூடிட்டாரு. என் ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் அதுல இருக்காங்க. மானம் போகுது.”

“என்ன கேட்டீங்க?”

“நிலா திடீர்னு காணாமப் போனா என்ன ஆகும்னு.”

“மூடினதுக்குக் காரணம்?”

அவன் படித்தான். “நடக்காத விஷயத்துக்கு இயற்பியல்ல பதில் கிடையாது. போய் ரசத்தை...”

சுபலட்சுமி தன் போனை அவன் முன் வைத்தாள். அதில் அட்மின் பக்கம் திறந்திருந்தது.

“உங்க கேள்வியைத் திறந்துடறேன். அதுக்கு முன்னாடி, மலைக்கோட்டை எந்தப் பக்கம் விழும்னு எல்லாரும் பாக்கிற மாதிரி அங்கயே எழுதுங்க.”