குளத்தில் குதித்த உடும்பு

மார்ச் மூன்றாம் தேதி காலை, உயிரியல் பூங்காவின் பராமரிப்பாளர் கூண்டுக்குள் நுழைந்ததும் நீர் உடும்பு குளத்தில் குதித்தது. பயந்தால் அது நீருக்குள் மூழ்கிவிடும். ஆபத்து விலகும்வரை வெளியே வராது. இத்தனை வருடமும் அவர் காலடியில்தான் வெயில் காய்ந்தது.

அவர் வெளியேறி, உடன் வேலை செய்யும் மைத்துனனை அனுப்பினார். உடும்பு நிதானமாக ஏறிவந்து பாறையில் படுத்தது.

“அத்தான், உங்க மூஞ்சியப் பார்த்தா எனக்கே பயமாத்தான் இருக்கு,” என்று சிரித்தான்.

அவர் கண்ணாடியில் பார்த்தார். அதே முகம்தான்.

மாலையில் வீட்டில், தொட்டியில் குளித்துக்கொண்டிருந்த சின்ன மகள் அவரைக் கண்டதும் தண்ணீருக்குள் மூழ்கினாள்.

“அப்பாதாண்டி, எந்திரி,” என்று மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை எழவில்லை.

அவர் ஓடிப்போய்க் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே மகள் மூச்சு வாங்குவது கேட்டது.

அன்றிலிருந்து அவர் மைத்துனன் வீட்டில் படுத்துக்கொள்கிறார்.