எங்க வீட்டு மேதை

"நான் படிக்கிறது அவளுக்குத் தெரியவே கூடாதும்மா. தெரிஞ்சா எல்லாம் பாழாயிடும்."

பழுது பார்த்துக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்காரப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்று வந்ததுமே சொல்லியிருந்தார். இந்த வயதில் எவளையோ திருட்டுத்தனமாக வேவு பார்க்கக் கிளம்பியிருக்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு சார் அது?"

"என் சம்சாரம். நெட்ல ஒரு பக்கம் வச்சு எழுதறா."

வந்த கோபம் பொசுக்கென்று அடங்கிவிட்டது.

"அதுக்கென்ன சார், நீங்களும் ஒரு அக்கவுண்ட் தொடங்கிடுங்களேன்."

"தொடங்கினா, என் நம்பர் வச்சிருக்கிற அத்தனை பேருக்கும் 'இவர் வந்திருக்கார்'னு தம்பட்டம் அடிச்சிடுமாமே!"

அது வாஸ்தவம்தான். அவள் அவருடைய போனை வாங்கிக்கொண்டாள்.

"அப்ப அக்கவுண்டே வேணாம். பக்கத்தோட முகவரியை மட்டும் இந்த ஆப்ல போட்டுட்டா, அவங்க எழுதறதெல்லாம் தானா வந்து விழும். உங்க பேரு, நம்பர் எதுவும் கேக்காது. பக்கத்துக்கு என்ன பேரு?"

"எங்க வீட்டு மேதை."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் கடை திறந்ததும் அவள் முதலில் தேடுவது அதைத்தான். மூக்குக்கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டையே தலைகீழாக்கிய மேதை! கொட்டுகிற மழையில் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தொப்பலாக நனைந்து வந்த மேதை! அந்த மனுஷன் ஒருநாள் எதிரில் வந்து உட்காருவார் என்று அவள் கண்டாளா?

"வேணாம் சார்... சிலதைப் படிக்காம இருக்கிறதே நல்லது."

"என்னைப் பத்தித்தான் எழுதறான்னு தெரியும்மா. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். நீ போடு."

வேறு வழியில்லாமல் போட்டுக் கொடுத்தாள். பதிவுகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. வாத்தியார் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஒவ்வொன்றையும் தேதியோடு குறித்துக்கொண்டார். முகத்தில் துளிச் சிரிப்பில்லை. ஆதாரத்தோடு சண்டைக்குப் போகிறார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு நல்ல குடும்பத்தில் தன் கையாலேயே தீ வைத்துவிட்டோமே என்று அவசரமாகக் குறுக்கே பேசினாள்.

"சார், அம்மாவைத் திட்டிடாதீங்க. நானும்தான் படிச்சுச் சிரிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"நீயும் படிக்கிறியா? எதுக்கு ரொம்பச் சிரிச்சே?"

"அது வந்து... குடைக்கு."

"கண்ணாடிக்கு?"

"சுமாராத்தான் சார்."

அதையும் குறித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வேலையை விட்டதுலேர்ந்து ஒரு வருஷமா சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தவம்மா அவ. இதை எழுத ஆரம்பிச்ச பிறகுதான் வீட்ல சிரிப்புச் சத்தமே கேக்குது. இப்ப நாலு நாளா ஒண்ணும் எழுதலை, மறுபடியும் சுவரைப் பார்க்கிறா. எதுக்கு ஜனங்க சிரிக்கிறாங்கன்னு படிச்சாத்தானே, நாளைக்கு என்ன அசட்டுத்தனம் பண்ணலாம்னு நான் ஒழுங்கா யோசிக்க முடியும்?"