படிச்ச பாடசாலை எது?

நான்கு வருடப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். ஹட்டனில் இருந்த அந்தக் கல்லூரியின் அலுவலர் சுதாகரன், யோகராணியின் விண்ணப்பத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“உயர்தரப் பரீட்சையில மூணு பாடமும் நல்லா பாஸ் பண்ணியிருக்கீங்க. படிச்ச பாடசாலைன்னு கேட்ட இடத்துல ஒண்ணும் எழுதலையே?”

“அஞ்சாம் வகுப்போட நின்னுட்டேங்க. பரீட்சையெல்லாம் தனியாத்தான் எழுதினேன்.”

“டியூசன் போனீங்களா?”

“இல்லைங்க.”

சான்றிதழ் போலியோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. “உங்களத் தெரிஞ்ச பள்ளிக்கூட அதிபர் யாராவது இருக்காங்களா?”

அவள் கொடுத்த எண்ணுக்கு அழைத்தார். பொகவந்தலாவைப் பக்கத்துப் பள்ளி அதிபர் மகாலிங்கம் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“யோகராணியோ? பதினாறு வருசமா எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் தவறாமல் வாறா.”

“உங்க மாணவியா சேர்?”

“இல்லை.”

“அப்ப எந்த வகுப்புக்கு வர்றாங்க?”

“எல்லா வகுப்புக்கும்தான். கூட்டுறதுக்கு.”

சுதாகரன் எதிரே இருந்தவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“ஆளில ஒரு குறைதான் இருக்கு,” என்றார் அதிபர். “மற்ற விறாந்தையெல்லாம் அஞ்சு நிமிசத்தில முடிச்சிடுவா. உயர்தர வகுப்பு விறாந்தையை மட்டும் காலமையில இருந்து மத்தியானம் வரைக்கும் கூட்டுவா.”

போனை வைத்துவிட்டு, சுதாகரன் வெற்றிடத்தில் அந்தப் பள்ளியின் பெயரை எழுதினார். அடுத்த வரியில், ‘பாடசாலையில் வகித்த பதவி: மாணவத் தலைவி / விளையாட்டுத் தலைவி / வேறு’ என்று இருந்தது.

யோகராணி பேனாவை வாங்கி, ‘வேறு’ என்பதை அடிக்கோடிட்டு, ‘துப்புரவுத் தொழிலாளி’ என்று எழுதினாள்.

சுதாகரன் முத்திரையைக் குத்தினார்.