சாம்பிராணித் தடைச் சட்டம்

உலகத் தமிழர் அனைவருக்கும் இத்தால் அறியத்தருவது: 2006 மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதி மண்டபம் ஒன்றில், தமிழ்ச் சங்கத்தின் ஐவர் கொண்ட சொல்லாய்வு உயர்பீடம் கூடியது. இருவர் வரவில்லை.

ஆராய வேண்டியது ஒரேயொரு சொல். மண்டபப் பராமரிப்பாளர் ஆர்னே கடிதம் அனுப்பியிருந்தார். மண்டபத்தில் சாம்பிராணிப் புகை என்று முறைப்பாடாம். கொளுத்தக்கூடாது என்று கதவில் ஒட்ட நல்லதொரு வாசகம் எழுதித் தரவேண்டுமாம். மீறினால் மண்டபம் கிடையாதாம். மண்டபம் போனால் அறுபது பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் போய்விடும்.

"நாங்கள் இஞ்சை ஒருநாளும் கொளுத்தினதில்லையே, மாமா. குத்துவிளக்கே நெருப்பில்லாமல் பற்றறியிலதானே எரியுது," என்றாள் செயலாளர் யாழ். நோர்வேயில் பிறந்தவள், விஷயத்துக்கு நேரே வந்துவிடும் கெட்ட பழக்கம் உண்டு.

"புகையை விடு பிள்ளை. சொல்லைப் பாப்பம்," என்றார் தலைவர் சிறீஸ்கந்தராசா.

"சாம்பிராணி எண்டே எழுதினால் என்ன?" என்று கேட்டார் பொருளாளர் சிவநாயகி.

"அது கப்பலேறி வந்த சொல்லு," என்றார் தலைவர்.

"அதுவும் சரிதான். சாம்பிராணிக்கு அனுமதியில்லை எண்டு ஒட்டினால் நீங்கள் எப்பிடி உள்ளுக்கு வாறது?"

இதைக் கூட்டக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்றார் தலைவர்.

தூபம் வடசொல் என்று விழுந்தது. ஊதுபத்தியில் பத்தி வடக்கிலிருந்து வந்ததாம். 'ஊது' மட்டும் தேறியது.

"ஊதக்கூடாது எண்டு எழுதினால் நாதஸ்வரக்காரர் கோவிப்பினம்," என்றார் சிவநாயகி.

"நோர்ஸ்க் மொழியில இதுக்குப் புகையிலயிருந்துதான் பேர் வந்தது," என்றாள் யாழ்.

"ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீன். எரிக்கிறது எண்டு கருத்து," என்றார் தலைவர்.

"அப்ப ஒண்டும் எரிக்கக்கூடாது எண்டு எழுதுவமே."

"அதில ஆய்வு எங்கை, பிள்ளை?"

மூன்றாம் மணி நேரத்தில் தலைவர் 'நறும்புகை தவிர்ப்பீர்' என்று ஈன்றெடுத்தார்.

"அப்ப நாறுற புகைக்கு அனுமதியோ?" என்றார் சிவநாயகி.

"உங்களுக்குச் சொன்னால் விளங்காது. காட்டுறன்."

ஆய்வுக்கென்று கொண்டுவந்த பையிலிருந்து தட்டும் கரியும் பொட்டலங்களும் வெளிவந்தன. தலைவர் கரியைப் பற்றவைத்தார். சாம்பிராணியைத் தூவினார், குங்கிலியத்தைத் தூவினார். அகிலின் தனிச்சிறப்பை விளக்கத் தொடங்கியபோது, சரியாக நான்கு மணிக்கு, கூரையில் அலாரம் அலறியது.

வெளியே சவளால் பனி வழித்துக்கொண்டிருந்த ஆர்னே அதோடு ஓடிவந்தார். தலைவரின் ஒரு கையில் புகையும் தட்டு. மறு கையில் தடை வாசகம்.

அலாரத்தை நிறுத்திவிட்டு ஆர்னே அந்தத் தாளை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு யாழிடம் நோர்வே மொழியில் நிதானமாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் தலைவர்.

"அறிவித்தல் வியாழக்கிழமை யோகா பழக வாற நோர்வேக்காரருக்காம், மாமா. நாங்கள் விபரம் தெரிஞ்ச ஆக்கள் எண்டுதான் எழுதித் தரச் சொல்லிக் கேட்டவராம்."

"அப்ப எங்களிலை பிழை இல்லையோ?"

"இண்டைக்கு நாலு மணிவரைக்கும் இல்லையாம்."