மார்க்கண்டுவின் முகம்

"கண்காட்சிக்கெண்டு படத்தைக் கொண்டு போனா, பத்திரமாத் திருப்பித் தருவியளோ அங்கிள்?" என்று கேட்டாள் ஆரபி.

"நானே கொண்டு வந்து தருவன், பிள்ளை" என்றார் சுப்யான்.

ஓவியர் சுப்யான் என்றால் கொழும்பில் இன்று தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் முதன்முதலாக வரைந்த முகம் மயிலிட்டியில், ஆரபியின் வீட்டுச் சுவரில் தொங்கியது. அவளுடைய அப்பா மார்க்கண்டுவின் முகம். பள்ளித் தோழர்கள் இருவருக்கும் அப்போது பதினேழு வயது. அடுத்த வருடமே, தொண்ணூறில், சுப்யானின் முஸ்லிம் சனம் முழுவதையும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டது இயக்கம். அதற்குப் பிறகு அவர் நண்பனைக் காணவே இல்லை.

படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த வயதிலேயே இப்படி வரைந்தோமா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்பா கடலுக்குப் போய்க் காணாமல் போகேக்கை எனக்கு மூண்டு வயசு. பிறகு வீட்டுக்கு மேலை விழுந்த ஒரே செல்லிலை அம்மா, சொந்தக்காரர் எல்லாரும் போயிட்டினம். நான் ஹொஸ்டலிலை வளந்தனான். அப்பாவின்ரை முகமெண்டு எனக்குத் தெரிஞ்சது இது மட்டும்தான்."

"தேடிப் பாக்கேல்லையோ?"

"தேடாத இடமில்லை. ரெண்டு வருசத்துக்கு முதல், தெற்கிலை ஒரு இல்லத்திலை, தலையிலை அடிபட்டுக் கரையொதுங்கின ஒருத்தர் கனகாலமா இருக்கிறாரெண்டு கேள்விப்பட்டுப் போனன். தன்ரை பேரே தெரியாத மனுசன். கண், மூக்கெல்லாம் இதே மாதிரி. என்ரை கையைப் பிடிச்சவர் விடேல்லை. ஆனா இடது கன்னம் முழுக்கக் கறுத்த மச்சம். பிறப்பிலேயே வந்ததெண்டு டொக்டர் சொன்னார். நான் கையோடை கொண்டு போன இந்தப் படத்தை ரெண்டு தரம் எடுத்துப் பாத்தன். கையை விடுவிச்சுக்கொண்டு வந்திட்டன்."

சுப்யான் நிமிரவில்லை.

"போன வருசம் அவர் செத்திட்டாராம். ஏற்க ஆளில்லாமல் இல்லத்துக்காரரே அடக்கம் செய்தவையாம். ஆராயிருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்திலை இருந்திருக்கலாமெண்டு இப்பவும் கவலைதான். அப்பாவோடை பழகின ஆள் நீங்கள். நான் திரும்பி வந்தது சரிதானே, அங்கிள்?"

"சரிதான், பிள்ளை" என்றார்.

"விரும்பின பெட்டைக்குக் குடுக்கப் போறன், அந்த மச்சத்தை மட்டும் விட்டிட்டுக் கீறடா" என்று அன்று மார்க்கண்டு கெஞ்சியதை அவளிடம் எப்படிச் சொல்வார்?