ஒரே எண்

மலை மேல் ஓர் ஆஸ்பத்திரி, அடிவாரத்தில் அதன் கிளை. இரண்டுக்கும் நடுவே, நெட்வொர்க் நிறுவனத்தில் உட்கார்ந்து, தகவல் போக வழி அமைத்துக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா. மேலே இடுப்பில் அடிபட்ட ஒருவர் படுத்திருந்தார். எக்ஸ்ரே படத்தைக் கீழே டாக்டர் பார்த்தால்தான், அவரை மலைப்பாதையின் அத்தனை வளைவுகளிலும் குலுக்கி இறக்க வேண்டுமா என்று தெரியும். படம் போகவில்லை. ஒரே நிர்வாகம் என்று இரு கிளைக்கும் ஒரே நெட்வொர்க் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று மேலிருந்து வந்த சேதியில் தகவலுக்கு வழி பார்க்கும் கீழ் ரவுட்டர் தன் எண்ணையே கண்டது. தான் சொன்னதுதான் சுற்றித் திரும்புகிறது என்று தள்ளிவிட்டது. மேலே இருந்த ரவுட்டரும் அப்படியே செய்தது. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. தன்னைக் கடக்கும் சேதியில் அந்த எண் மறைந்து, எப்போதும் பதியும் தன் நிறுவனத்தின் எண்ணே அந்த இடத்திலும் விழும்படி ஒரு வரி எழுதினாள். கொஞ்ச நேரத்தில் கீழ்க் கிளையில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் செவ்வேள் போன் செய்தார்.

“படம் வந்திருச்சுங்க. எலும்பு முறியலையாம், இறக்க வேண்டாம்னுட்டாரு டாக்டர். ஆனா மேல இருந்து வர்ற வழியில எங்க நம்பரையே காணோம். உங்களுதுதான் ரெண்டு தடவ தெரியுது.”

“தெரியட்டுங்க,” என்றாள். வைக்கப்போனவள், போனைத் திரும்பக் காதில் வைத்தாள். “அடிபட்டவர் பேர் என்னங்க?”