பாட்டு வண்டியைக் காணோம்

ஐஸ்காரர் காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது மதியம் இரண்டரை மணி. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சார், என் வண்டியைக் காணோம்!"

இன்ஸ்பெக்டர் சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்தார். "எது? நம்ம பாட்டு வண்டியா?"

"அதேதான் சார். பேக்கரி வாசல்ல நிறுத்திட்டு கோன் பாக்கெட் வாங்க உள்ள போனேன். சாவி வண்டியிலயே இருந்துச்சு. திரும்பி வர்றதுக்குள்ள எவனோ ஓட்டிட்டுப் போயிட்டான்."

அந்த வண்டியைத் தெரியாதவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஐஸ்காரரின் அப்பா, சைக்கிள் கேரியரில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்த வியாபாரம். சைக்கிள் போய்த் தள்ளுவண்டி வந்தது. தள்ளுவண்டி போய் இந்த வேன் வந்து பத்தொன்பது வருடமாகிறது. இப்போது வேனுக்கும் வயதாகிவிட்டது. மேடு ஏறினால் இருமும். பெட்டி சரியாகக் குளிராமல், நாலு மணிக்கெல்லாம் வெனிலா தண்ணீராகிவிடும். காலையில் கிளப்புவதற்கு எதிர்வீட்டு வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ள வேண்டும். ஆனாலும் இரண்டு தலைமுறைக்குச் சோறு போட்ட தொழிலாயிற்றே. 

"இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று ரைட்டர் கேட்டார்.

"இருக்கு சார். அது வர்றப்ப வரட்டும். முதல்ல புகாரை எழுதிக்குங்க."

"எழுத்து கிடக்கட்டும்ணே!" இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார். "அரைக்கால் டவுசர் போட்ட காலத்துல உங்க அப்பாகிட்ட குச்சி ஐஸ் வாங்கித் தின்னவன் நான். பொழுது சாயறதுக்குள்ள வண்டி உங்க வீட்டு வாசல்ல நிக்கும். எந்தப் பக்கம் போனான்?"

"மேற்கால சார். நெடுஞ்சாலைப் பக்கம்."

கான்ஸ்டபிள்களை ஏற்றிக்கொண்டு ஜீப் மேற்கே பறந்தது; இன்ஸ்பெக்டர் போன் பக்கத்திலேயே இருந்துகொண்டார். ஐஸ்காரர் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திருடன் இந்நேரம் ஊரைத் தாண்டியிருப்பானா?

போன் அடித்தது. எடுத்துக் கேட்ட இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "மூணாவது தெருவுல இருந்து ஒரு அம்மா. வண்டி அங்கதான் நிக்குதாம். புது ஆள் யாருன்னு கேக்கறாங்க."

"நிக்குதா? ஏன் நிக்குது?" ஐஸ்காரர் எழுந்தே விட்டார்.

"எல்லாம் உங்க பாட்டுதான்!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாலு வருடத்துக்கு முன் பாட்டு ஸ்விட்ச் உடைந்தபோது, அந்த ஒயரை இன்ஜின் சாவியோடு சேர்த்துக் கட்டியது அவரேதான். சாவியைத் திருப்பினால் பாட்டு வரும், நிறுத்த வழியே கிடையாது. தினமும் கேட்டுக் கேட்டு, அப்படி ஒரு பாட்டு ஓடுவதே அவர் காதில் விழுவதில்லை. பாட்டு கேட்டால் பிள்ளைகள் வந்துவிடும். பிள்ளைகள் வந்துவிட்டால் வண்டி ஒரு அடி நகராது. ஐஸ்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மறுபடி போன். அஞ்சாவது தெரு தையல்காரர். "அவனுக்குக் கோன் பிடிக்கவே தெரியலை சார். கரண்டியால அள்ளிப் பிள்ளைங்க கையிலயே வைக்கிறான்!"

இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் சொல்ல, ஜீப் கிழக்கே திரும்பியது.

"சார், வேண்டாம் சார்," என்று ஐஸ்காரர் கும்பிட்டார். "பிள்ளைங்க இருக்கற இடம். துரத்தினா எங்கயாவது இடிச்சிருவான். வண்டி போனா போகட்டும்."

இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியாய்யா ரைட்டர்? மனுஷன்னா இவர்தான் மனுஷன்!"

அரை மணி நேரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. கான்ஸ்டபிள் ஓட்ட, பின்னாலேயே நாற்பது பிள்ளைகள் ஓடிவர, வண்டி ஊர்வலமாக வந்து வாசலில் நின்றது. ஹெல்மெட் போட்டிருந்த திருடனை இரண்டு பேர் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். முழங்கை வரைக்கும் ஸ்ட்ராபெரி.

"ஹெல்மெட்டைக் கழட்டுடா," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஐஸ்காரர் குறுக்கே பாய்ந்தார். "இருக்கட்டும் சார்! வண்டி வந்திருச்சு, அது போதும். எதுக்கு இத்தனை பேர் நடுவுல ஒருத்தனை அவமானப்படுத்தணும்? நான் புகாரையே வாபஸ் வாங்கிக்கறேன்."

"உங்க நல்ல மனசு உங்களோட இருக்கட்டும்ணே. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?" இன்ஸ்பெக்டர் தானே ஹெல்மெட்டைப் பிடுங்கினார்.

மீசை நரைத்த ஒரு முகம் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தது. ஐஸ்காரரைப் பார்த்ததும் அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அத்தான், நீங்க சொன்ன மாதிரி கல்குவாரியில உருட்டிவிடத்தான் கிளம்பினேன், இந்தப் பசங்க விட்டாத்தானே... நாளைக்கு வேணா இன்னொரு தடவை திருடட்டுமா?"